72-ஆல் வகுபடாத விமானம்

ஸ்கேல் மாடல்னா என்ன? நிஜ விமானத்தோட அளவு எல்லாத்தையும் 72-ஆல் வகுத்தா வர்றது. பெட்டி மேலயே 1/72 என்று போட்டிருக்கும். கேட்க ரொம்ப நேர்மையான கணக்கு மாதிரி இருக்கு. ஒரு விமானத்தை எடுத்து நிஜமாவே வகுத்துப் பார்ப்போம்.

சாப்வித் கேமல். முதல் உலகப் போரில் பிரிட்டன் பறக்கவிட்ட, ஒரே ஒருத்தர் உட்காரும் சண்டை விமானம். 1916 டிசம்பரில் முதல் முறை பறந்தது, 1917 நடுவில் போர்முனைக்கு வந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு அடுக்கு இறக்கை, அதாவது பைப்ளேன். பைலட்டுக்கு நேர் முன்னால் இரண்டு விக்கர்ஸ் மெஷின் கன். அந்தத் துப்பாக்கிகளின் பின்பகுதியை மூடியிருந்த உறை திமில் மாதிரி புடைத்துக்கொண்டு இருந்ததால் 'கேமல்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

இறக்கை முனையிலிருந்து முனை வரை 8.53 மீட்டர். வகுத்தால் 118 மில்லிமீட்டர் சொச்சம். நீளம் 5.72 மீட்டர், வகுத்தால் 79 மில்லிமீட்டர். உள்ளங்கையில் உட்காரும். நல்ல கிட்டாக இருந்தால் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்க, இந்த இரண்டு எண்ணும் ஏறக்குறைய சரியாகவே வரும்.

அடுத்து எடை. பைலட், பெட்ரோல், குண்டு எல்லாம் ஏற்றிய கேமல் சுமார் 659 கிலோ. எடை கன அளவைப் பொறுத்தது, அதனால் 72-ஐ மூன்று முறை பெருக்கி, 3,73,248-ஆல் வகுக்கணும். விடை 1.77 கிராம். இப்போ கிட்டில் இருக்கும் மேல் இறக்கையை மட்டும் எடுங்க. 118 மி.மீ. நீளம், 19 மி.மீ. அகலம், சராசரியாக 1 மி.மீ. கனம் என்று வைத்தால் கிட்டத்தட்ட 2.2 கன செ.மீ. பிளாஸ்டிக். பாலிஸ்டைரீன் அடர்த்தி 1.05. ஆக 2.3 கிராம். எஞ்சின், பைலட், துப்பாக்கி எல்லாம் சேர்ந்த முழு விமானத்தை விட அதோட ஒரு இறக்கை கனம்!

காரணம், நிஜ இறக்கை கிட்டத்தட்ட காலி. குறுக்கே ஓடும் இரண்டு மரச் சட்டங்கள், அதுதான் ஸ்பார். அதில் வரிசையாகக் கோர்த்த மெல்லிய ரிப்கள். மேலே லினன் துணி, துணி விறைப்பாக நிற்க 'டோப்' என்ற வார்னிஷ். மீதி காற்று. மாடலிலோ அது ஒரு பிளாஸ்டிக் பட்டை. அதாவது பெட்டி திறந்த நிமிஷத்திலேயே வகுத்தல் கணக்கு தோற்றுப்போச்சு. இதுக்கு மேல நீங்க செய்யப்போற ஒவ்வொரு டீடெயிலும் ஒரு முடிவு. எதை வகுக்கணும், எதை வகுக்காமல் கொஞ்சம் பெரிதாகக் காட்டணும், எதை மொத்தமா விட்டுடணும். இரண்டாம் உலகப் போர் விமான மாடல்களில் இந்தப் பிரச்சினை இவ்வளவு தெரியாது. துணியும் கம்பியும் மரமுமான இந்தப் பழைய விமானங்களில்தான் முகத்தில் அடிக்கும்.

முதலில் கம்பி. ஏன்னா பைப்ளேன் மாடலைப் பாதியில் கைவிடுறவங்களில் முக்கால்வாசிப் பேர் கைவிடுற இடம் இதுதான்.

கிட்டோடு வரும் தாளில் ரிக்கிங் படம் ஒன்று இருக்கும், சிலந்தி வலை மாதிரி. அதைப் பார்த்து மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை. எஸ்.ஓ.எம். பாஸ் பண்ணியிருந்தால் போதும். ஐ-பீமில் மேலே கீழே இரண்டு ஃப்ளேஞ்ச், நடுவில் வெப் இருக்கும் இல்லையா? பைப்ளேனில் இரண்டு இறக்கைகளும் அந்த ஃப்ளேஞ்ச். நடுவில் நிற்கும் ஸ்ட்ரட்டும் கம்பியும் சேர்ந்து வெப். தனியாக ஒரு இறக்கையின் ஸ்பார் ரொம்ப மெலிசு, வளைந்துவிடும். இரண்டையும் இடைவெளி விட்டுக் கட்டினால் முழு இடைவெளியும் பீமின் ஆழமாகிவிடுகிறது. குறைந்த எடையில் நிறைய விறைப்பு. ரயில் பாலத்து ட்ரஸ் என்ன செய்யுதோ அதேதான்.

கம்பி இழுவையை மட்டும்தான் தாங்கும், தள்ளினால் மடங்கும். அதை வைத்து யோசிங்க. பறக்கும்போது இறக்கை மேலே போகப் பார்க்கும். அதை இழுத்துப் பிடிக்க ஒரு கம்பி வேணும்: உடலின் அடிப்பகுதியிலிருந்து ஸ்ட்ரட்டின் மேல் முனைக்கு. இது ஃப்ளையிங் வயர். தரையில் நிற்கும்போது இறக்கை தன் எடையால் தொங்கப் பார்க்கும். அதற்கு எதிர்த்திசையில், நடு ஸ்ட்ரட்டின் உச்சியிலிருந்து வெளி ஸ்ட்ரட்டின் அடிக்கு ஒரு கம்பி. இது லேண்டிங் வயர். வானில் சண்டை போடும்போது வரும் சுமை, தரையில் நிற்கும் சுமையைப் போலப் பல மடங்கு. அதனால் கேமலில் ஃப்ளையிங் வயர்கள் இரட்டை, லேண்டிங் வயர்கள் ஒற்றை. ஒன்று குண்டு பட்டு அறுந்தாலும் இன்னொன்று இருக்கும். இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் இருக்க முன் ஸ்ட்ரட்டுக்கும் பின் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே ஒரு பெருக்கல் குறி. நடு ஸ்ட்ரட்டுகளுக்கு இடையே முன்னாலிருந்து பார்த்தால் இன்னொரு பெருக்கல் குறி. அவ்ளோதான், வலை புரிஞ்சிடுச்சு. மாடலில் ஃப்ளையிங் வயரை ஒற்றையாக விட்டு லேண்டிங் வயரை இரட்டையாகப் போட்டிருந்தால், இந்த விமானம் தரையில் நிற்கத்தான் பயப்படுது என்று அர்த்தம்.

அடுத்த கேள்வி கனம். பிரிட்டிஷ் விமானங்களில் இந்தக் கம்பி முறுக்கிய கேபிள் கிடையாது. காற்றைக் கிழிக்கிற மாதிரி, குறுக்குவெட்டில் இலை வடிவில் தட்டையாக இழுத்த ஸ்டீல். அகலம் 6 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 72-ல் 0.083 மி.மீ. தலைமுடி கனம். சாதாரணத் தையல் நூல் 0.2 மி.மீ. இருந்தால் அது நிஜத்தில் 14 மி.மீ. கம்பி. வீடு கட்டப் போடுற 12 எம்.எம். முறுக்குக் கம்பியை விடத் தடி. நூலில் பிசிறு வேற. அதனால் நூல் வேண்டாம்.

செலவே இல்லாத வழி: பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டம், அதான் ஸ்ப்ரூ, அதில் ஒரு துண்டை வெட்டி மெழுகுவத்திச் சுடருக்கு மேலே காட்டுங்க. தீயில் படக்கூடாது. நடுவில் இளகிப் பளபளன்னு ஆனதும் வெளியே எடுத்து, இரண்டு பக்கமும் நிதானமா இழுங்க. எவ்வளவு வேகமாக இழுக்கிறீங்களோ அவ்வளவு மெலிசு. முதல் பத்து அறுந்துபோகும், கவலைப்படாதீங்க, ஸ்ப்ரூ நிறைய இருக்கு. தேவையான நீளத்தை வெட்டி இரண்டு முனையிலும் ஒரு துளி ஃபெவிகால் வைத்து ஒட்டி, காய்ந்ததும் புகையும் ஊதுபத்தியைக் கொஞ்ச தூரத்தில் காட்டினால், தொய்ந்த கம்பி தானாகச் சுருங்கி விறைக்கும். கிட்ட கொண்டுபோனால் உருகி இரண்டாகிவிடும், அந்த தூரம் கைக்குப் பழகணும்.

மீன் பிடிக்கிற நைலான் நரம்பில் மெல்லியதாகக் கிடைத்தால் அது இன்னும் உறுதி. ஆனால் அதற்கு 0.3 மி.மீ. துளை போடணும், பின் வைஸில் பிட் மாட்டிக் கையாலேயே. நரம்பைக் கீழ் இறக்கையில் ஒட்டி, மேல் இறக்கைத் துளை வழியாக இழுத்து, ஃபெவிக்விக் ஒரு துளி, மீதியை வெட்டி, துளையை அடைத்துப் பெயிண்ட். இழுப்பதில் நிதானம் வேணும், ஒரு பக்கம் அதிகமாக இழுத்தால் இறக்கை நிஜமாகவே வளையும். ஸ்ப்ரூ கம்பி வெறும் அலங்காரம், நைலான் கம்பி உண்மையாகவே சுமை தாங்குது. நைலான் போட்ட மாடலை லேசாகத் தட்டினால் ஆடாது, அந்த வித்தியாசம் கையில் தெரியும். என் ஓட்டு நைலானுக்கு. கொஞ்சம் தடியாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. விளம்பரத்துக்கு எடுத்த படம் மாதிரி இருப்பதை விட, அந்தக் கம்பி எதுக்கு இருந்ததோ அதைச் செய்யணும். நிறம் பளபள வெள்ளி வேண்டாம். மங்கலான ஸ்டீல் நிறம்தான் கண்ணுக்குச் சரியான கனத்தில் தெரியும்.

கண்ட்ரோல் கேபிள்களையும் மறக்காதீங்க. கேமலுக்கு நாலு இறக்கைப் பகுதியிலும் எய்லரான் உண்டு. மேலுள்ளதையும் கீழுள்ளதையும் ஒரு கேபிள் இணைக்கும். இது முறுக்கிய கேபிள். பழைய இயர்போன் ஒயரைப் பிரித்தால் உள்ளே வரும் செம்பு இழை இதற்குப் போதும்.

வகுக்கவே கூடாத விஷயம் துணி. ரிப்களுக்கு நடுவே துணி லேசாகக் குழிந்திருக்கும். நிஜத்தில் 3 மி.மீ. குழி என்று வைத்தாலும் 72-ல் 0.04 மி.மீ., ஒரு கோட் பெயிண்ட் அளவு கனம். ஆனால் பழைய கிட்களில் இறக்கை மலையும் பள்ளத்தாக்குமாக, பட்டினி கிடந்த மாட்டின் விலா மாதிரி இருக்கும். டோப் அடித்த துணி மிருதங்கத் தோல் மாதிரி விறைப்பா இருக்கும், அப்படித் தொங்காது. 1000 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, ரிப் இருக்கிற இடம் வெளிச்சம் சாய்வாக விழும்போது மட்டும் தெரிகிற அளவுக்குக் கொண்டுவாங்க. துணியை ரிப்போடு சேர்த்துத் தைத்த தையல் எல்லாம் இந்த அளவில் காட்டவே வேண்டாம். அதே வாட்டர் பேப்பரால் இறக்கையின் பின் விளிம்பையும் கீழ்ப்பக்கத்திலிருந்து தேயுங்க. மோல்டில் பிளாஸ்டிக் ஓடணுமே என்று அதை அரை மி.மீ. கனத்தில் விட்டிருப்பாங்க. நிஜத்தில் அது 36 மி.மீ., ஒரு செங்கல்லில் பாதி உயரம். துணி போர்த்திய இறக்கையின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கணும். எந்த எக்ஸ்ட்ரா டீடெயில் செட்டும் வாங்காமல், இந்த ஒரு வேலையே மாடலைப் பாதி மாற்றிவிடும்.

இனி எஞ்சின். கேமலின் குணத்தையும் அது பலரைக் கொன்ற காரணத்தையும் புரிந்துகொள்ள இதைத்தான் பார்க்கணும்.

பெரும்பாலான கேமல்களில் கிளர்ஜே 9பி, ஒன்பது சிலிண்டர், 130 குதிரைத்திறன். ரோட்டரி எஞ்சின். நம்ம பைக்கில் சிலிண்டர் நிற்கும், கிராங்க் ஷாஃப்ட் சுற்றும். இதில் தலைகீழ்: கிராங்க் ஷாஃப்ட் விமானத்தோடு அசையாமல் நிற்கும், ஒன்பது சிலிண்டரும் ப்ரொபெல்லரோடு சேர்ந்து மொத்தமாகச் சுற்றும். தனியாக ரேடியேட்டர் தேவையில்லை, எடை குறைவு. ஆனால் மூக்கில் ஒரு பெரிய ஜைரோஸ்கோப்பைக் கட்டிவிட்ட மாதிரி. கேமலில் எஞ்சின், துப்பாக்கி, பைலட், பெட்ரோல் டேங்க் எல்லாம் முன்னாலுள்ள சுமார் ஏழு அடிக்குள் அடைந்திருந்தன. எடையில் 90 சதவீதம் அங்கேயே என்று வழக்கமாகச் சொல்வார்கள். வலப்பக்கம் திருப்பினால் ஜைரோ விளைவால் மூக்கு கீழே போகும், இடப்பக்கம் திருப்பினால் மேலே எழும். தெரிந்தவர் கையில் வலப்பக்கம் சட்டென்று திரும்பும் அபாரமான சண்டை விமானம். பயிற்சியில் இருந்தவர் கையில், டேக்-ஆஃப் ஆன உடனே சுழன்று தரையில் விழும் விமானம். எதிரியால் இல்லாமல் பழகும்போதே இறந்தவர்கள் ஏராளம். பயிற்சிக்கென்றே சில கேமல்களை இரண்டு இருக்கை வைத்து மாற்ற வேண்டியிருந்தது. அப்போ அதில் ஏறினவங்க வயசு பெரும்பாலும் நம்ம வயசுதான்.

மாடலுக்கு வருவோம். சில கிட்களில் எஞ்சினை உடலோடு ஒட்டச் சொல்லி, ப்ரொபெல்லர் மட்டும் சுற்றும்படி வைத்திருப்பார்கள். விரலால் தட்டினால் காத்தாடி சுற்றும், எஞ்சின் அப்படியே நிற்கும். இந்த விமானத்தின் மொத்தக் கதையும் அந்த இடத்தில் பொய்யாகிவிடுகிறது. ப்ரொபெல்லரை எஞ்சினோடு ஒட்டுங்க, எஞ்சினுக்குப் பின்னால் ஒரு சின்ன அச்சு வைத்து இரண்டும் சேர்ந்து சுற்றவிடுங்க. இல்லையென்றால் இரண்டையும் அசையாமல் ஒட்டிவிடுங்க, அதுவும் தப்பில்லை. கிளர்ஜேயில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் முன்னால் இரண்டு புஷ் ராட் தெரியும். கேமலில் பொருத்திய இன்னொரு எஞ்சினான லெ ரோனில் ஒன்றுதான். கிட்டில் அவை இல்லையென்றால் இழுத்த ஸ்ப்ரூவில் பதினெட்டுத் துண்டு வெட்டணும். பொறுமை இருந்தால் செய்யுங்க, கௌலிங்குக்குள் பாதி மறைந்துவிடும்.

ரோட்டரியில் எண்ணெய் திரும்பி வராது. பெட்ரோலில் கரையாது என்பதால் ஆமணக்கு எண்ணெய், நம்ம விளக்கெண்ணெய், ஊற்றினார்கள். அது எரிந்தும் எரியாமலும் வெளியே தெறித்துக்கொண்டே இருக்கும். அதைச் சுவாசித்த பைலட்டுகளின் வயிறு பட்ட பாட்டைப் பற்றி நிறையக் கதைகள் உண்டு, விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்தவங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாடலை அழுக்காக்கும்போது இதுதான் கணக்கு. இரண்டாம் உலகப் போர் மாடல் மாதிரி எக்ஸாஸ்ட் கரியை விமானத்தின் பக்கவாட்டில் கறுப்பாக இழுக்கக்கூடாது, ஏன்னா அந்த மாதிரி எக்ஸாஸ்ட் குழாயே இங்கே கிடையாது. கௌலிங்கின் கீழ்ப்புறத்திலிருந்து வயிற்றுப் பக்கமாக, நீர்த்த பழுப்பு நிறம், கொஞ்சம் பளபளப்போடு. எண்ணெய் ஊறிய துணி எப்படி இருக்குமோ அப்படி.

நிறத்தில் ஒரு நூற்றாண்டுச் சண்டை இருக்கிறது. மேல்பக்கம் பி.சி.10 என்ற டோப். வெயிலில் லினன் மக்கிப்போகாமல் காக்கத்தான் முதலில் அந்த நிறமி, மறைப்பு அதற்குப் பிறகு. மஞ்சள் காவியும் கறுப்புமான கலவை. கலந்த விகிதம், பூசிய கனம், மேலே போட்ட வார்னிஷ், பட்ட வெயில் இவற்றைப் பொறுத்து ஆலிவ் பச்சையிலிருந்து சாக்லேட் பழுப்பு வரை போகும். அதனால் 'சரியான பி.சி.10' என்று பாட்டிலில் எழுதி விற்கும் எந்த நிறத்துக்கும் தனியாகக் காசு கொடுக்காதீங்க. பச்சை கலந்த பழுப்பாக ஒன்றைக் கலந்து, 72-ல் பார்க்கும்போது இருட்டாகத் தெரியாமல் இருக்கக் கொஞ்சம் வெளுத்து அடிங்க. கீழ்ப்பக்கம் நிறமி இல்லாத டோப், துணியின் இளமஞ்சள் அப்படியே தெரியும். வெள்ளை அடித்தால் தப்பு. ஸ்ட்ரட்டுகள் வார்னிஷ் அடித்த மரம்.

படம் பார்த்துச் செய்யும்போது ஒரு எச்சரிக்கை. லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தில் இருக்கும் கேமல் பிரபலமானது. 1918 ஆகஸ்ட் 11 அன்று, ஒரு போர்க்கப்பல் இழுத்துச் சென்ற தெப்பத்திலிருந்து கிளம்பி, எல்53 என்ற ஜெர்மன் செப்பெலினை வீழ்த்திய அதே விமானம். ஆனால் அது கடற்படைக்கான 2எஃப்.1 ரகம். இறக்கை கொஞ்சம் சின்னது, நடு ஸ்ட்ரட் மரத்துக்குப் பதில் மெல்லிய ஸ்டீல் குழாய், இரண்டு விக்கர்ஸுக்குப் பதில் ஒரு விக்கர்ஸும் மேல் இறக்கையில் ஒரு லூயிஸும். உங்கள் கிட் சாதாரண எஃப்.1 என்றால் அந்தப் படங்களை வைத்து வேலை செய்யாதீங்க. லண்டனிலேயே ஆர்.ஏ.எஃப். மியூசியத்தில் ஒரு எஃப்.1 இருக்கு, அதைத் தேடுங்க.

எல்லாம் தனித்தனியாகப் பெயிண்ட் அடித்து, டீகால் ஒட்டி, துளை போட்ட பிறகுதான் மேல் இறக்கையை ஏற்றணும். இங்கே ஒரு நூறு வருஷத்துக்கு முந்தைய ப்ரொடக்‌ஷன் முடிவு உங்களுக்கு உதவும். கேமலைக் கட்டுவதைச் சுலபமாக்க, சாப்வித் தொழிற்சாலை மேலாளர் ஃப்ரெட் சிக்ரிஸ்ட் சொன்னபடி மேல் இறக்கையை முனைக்கு முனை நேராக வைத்துவிட்டார்கள். மேல்நோக்கிய சாய்வு முழுவதும் கீழ் இறக்கைக்குப் போனது. முன்னாலிருந்து பார்த்தால் முனைப்பக்கம் இடைவெளி குறுகுவது அதனால்தான். ஆகவே மேல் இறக்கையைக் குப்புற மேஜையில் போடுங்க, நேராக உட்காரும். அதில் ஸ்ட்ரட்டுகளை ஒட்டி, அரைகுறையாகப் பசை பிடித்திருக்கும்போதே உடலைத் தலைகீழாக அதன் மேல் இறக்கி, இரண்டு பக்கமும் தீப்பெட்டியோ அழிரப்பரோ முட்டுக் கொடுத்து, ஒரு ராத்திரி விட்டுவிடுங்க. மற்ற பைப்ளேன்களில் இந்த வேலைக்கு அட்டையில் ஜிக் வெட்டணும். கேமலுக்கு மேஜையே ஜிக்.

காக்பிட்டில் ஆள் வைக்கணும் என்றால் ஒரு யோசனை. ஹர்தித் சிங் மாலிக், ராவல்பிண்டியில் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், 1917-ல் ராயல் ஃப்ளையிங் கார்ப்ஸின் 28-ஆம் ஸ்க்வாட்ரனில் கேமல் ஓட்டினார். அந்த அக்டோபரில் சண்டையில் காலில் குண்டு பட்டும் உயிரோடு தரையிறங்கினார். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் பிரான்ஸ் தூதர். டர்பனைக் கழற்ற மறுத்து, அதற்கு மேலே போடுகிற மாதிரி தனியாகப் பெரிய ஹெல்மெட் செய்து வாங்கிக்கொண்டவர். கிட்டில் வரும் 24 மி.மீ. உயர பைலட் பொம்மையின் தலையில் எம்-சீல் கொஞ்சம் உருட்டி வைத்தால் போதும். பழுப்பு நிறத்தில் பெயிண்ட் அடித்ததும், பார்க்கிறவங்க முதலில் கேட்கிற கேள்வி 'தலை ஏன் இவ்ளோ பெருசா இருக்கு?' என்பதாக இருக்கும். பதில் சொல்ல உங்ககிட்ட கதை இருக்கு.

முடித்ததும் உடனே ஒரு மூடி போட்ட அக்ரிலிக் டப்பாவில் வைங்க. தூசி முதலில் உட்காருவது கம்பி மேலேதான், 0.08 மி.மீ. கம்பியில் தூசி படிந்தால் அதுவும் முறுக்குக் கம்பி ஆகிடும். பிரஷ்ஷால் தட்டினால் ஸ்ப்ரூ கம்பி அறுந்துவிடும். தூக்கும்போது இறக்கையைப் பிடிக்காதீங்க. கீழ்ப்புறமாக, சக்கரத்துக்குப் பின்னால், இரண்டு விரலால்.